ஆடிக்குக் காத்திருந்த அவரை

மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குச் செடி விஷயத்தில் நான்தான் கோர்ட்டு. மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் எவர் வீட்டில் இலை சுருண்டாலும் கூப்பிடாமலே போய்த் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவேன். "நீ என்ன விவசாய ஆபீசரா?" என்பார் என் வீட்டுக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உங்களுக்கு நட்டு போல்ட்டு தெரியும், நாற்று தெரியாது என்று நானும் அவர் வாயை அடைத்துவிடுவேன்.

அந்த வாய்தான் போன வருஷம் என் மகளிடமும் பேசியது.

மகள் கனடாவில் இருக்கிறாள். அதற்கு முந்தைய வருஷம் அவள் வயிற்றில் ஆறு மாதக் குழந்தை தங்காமல் போயிற்று. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார எனக்கு விசா இல்லை. அது இழுத்தடித்துக் கையில் வந்தபோது, "இப்ப எதுக்கும்மா, விடு" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு தினமும் போன் மட்டும் வரும். சாப்பிட்டியா என்றால் "ம்". தூங்கினியா என்றால் "ம்". குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. எனக்கு அதுதான் பயம். மாப்பிள்ளையைக் கேட்டால், "ஆபீஸ் போறா அத்தை, நல்லாத்தான் இருக்கா" என்பார். அழாமல் இருந்தால் நன்றாக இருப்பதாக அவர் கணக்கு.

வைகாசியில் ஒருநாள் அவளாகவே பேச்சை ஆரம்பித்தாள். வாடகை வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறதாம். இஷ்டப்பட்டதைப் போட்டுக்கொள் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாராம். நம் ஊர்க் கடையில் அவரை விதை வாங்கி வைத்திருக்கிறாள்.

"எப்பம்மா போடணும்? பக்கத்து வீட்டுல எல்லாம் இப்பவே நட்டுட்டாங்க."

எத்தனையோ மாதம் கழித்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நிதானமாக யோசித்திருக்க வேண்டாமா? "அவங்களுக்கு என்ன தெரியும்? இப்ப போட்டா கொடிதான் ஓடும், காய்க்காது. ஆடி பொறக்கட்டும்" என்றேன். இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. விதைப் பொட்டலத்தைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, அந்த ஊரின் பாதி வெயில் காலத்தை நான் சொன்னேன் என்பதற்காக வீணாக்கினாள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை விதை போட்டாள். ஐந்தாம் நாள் முளைத்தது. அதற்கப்புறம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கொடி கம்பைப் பிடித்துவிட்டது, இலையில் ஓட்டை விழுந்திருக்கிறது, அடுப்புச் சாம்பலுக்கு இங்கே எங்கே போவது என்று தினமும் ஒரு செய்தி. சில நாள் சிரிக்கவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு நான் மாடிக்குப் போய்த் தனியாக அழுதிருக்கிறேன், சந்தோஷத்தில்தான்.

புரட்டாசியில் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. போட்டோ அனுப்பியிருந்தாள். தள்ளுவண்டியில் காய் கொண்டுவருகிறவரிடம் போனை நீட்டிப் பெருமையடித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னாமா நீ, ஐப்பசி வந்தா அந்த ஊர்ல ஐஸ் கொட்டும்னு நீதான சொன்னே? அத்த போய் ஆடில போட சொல்லிக்கிறியே. பிஞ்சு வெக்க சொல்லோ பனி பூந்துடாது?"

படிப்பு வாசனை இல்லாத மனிதருக்கு ஒரு நொடியில் தெரிந்தது, எனக்கு நான்கு மாதமாகத் தெரியவில்லை. உள்ளே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். வழக்கம்போல் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்ததோடு சரி. மகளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காலண்டரைப் பார்ப்பதும், போனில் அவள் ஊரின் குளிரைப் பார்ப்பதுமாகவே நாள் போயிற்று. பனியைத் தள்ளிப்போடச் சொல்லி எந்தக் கோவிலில் வேண்டிக்கொள்வது? திருவேற்காட்டு அம்மனிடம் போய்க் கேட்டும் பார்த்தேன்.

ஐப்பசி பிறப்பதற்குள்ளாகவே பனி வந்துவிட்டது. எனக்குக் காலை, அவளுக்கு இரவு ஆரம்பிக்கும் நேரம். "அம்மா, இன்னைக்கு மைனஸுக்குப் போகுதாம்" என்றாள். இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு கொடிக்குப் புடவையைப் போர்த்து என்றேன். போனை ஜன்னலில் சாய்த்துவிட்டு இரண்டு பருத்திப் புடவையும் ஒரு போர்வையுமாக இருட்டில் போராடினாள். வாயிலிருந்து புகை புகையாக மூச்சு. "அந்தப் பக்கம் இழு, கீழ கல்லை வை" என்று நான் ஃபேனுக்கு அடியில் வியர்த்துக்கொண்டு கத்தினேன். கல் வைக்க ஒரு கை கூட அங்கே என்னால் கொடுக்க முடியவில்லை.

மறுநாள் புடவையை விலக்கிக் காட்டினாள். வேகவைத்த கீரை மாதிரி கொடி கறுத்துத் தொங்கியது. "நான்தான்டி தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "ம்" என்றாள். பழைய "ம்".

சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள். பறித்து வைத்த ஒரு கைப்பிடியைப் பொரியல் செய்யப் போகிறாளாம், கூட இரு என்றாள். நான் இங்கே அடுப்பு மேடையில் போனை நிறுத்திவைத்து, அவள் சமையலறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடாயில் எண்ணெய் விட்டாள். கடுகு போட்டாள். நார் உரிக்கக் கூட நார் இல்லை, விரல் நீளம் கூட வராத காய்கள். காயில் கத்தியை வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"பிஞ்சும்மா. வெட்ட மனசு வரல."

"வெட்டாம முழுசாப் போட்டுக்கோடி" என்றேன். அவள் காதில் விழவில்லை. ஒரு பிஞ்சை உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை ஒரு தடவை என் கையில குடுத்தாங்கம்மா. நகம் எல்லாம் இருந்துச்சு."

பெண் குழந்தை என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அத்தனை மாதத்து அழுகையையும் என் மகள் அழுதாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கடாயில் கடுகு கருகிப் புகைந்தது. "அடுப்பை அணைம்மா, அடுப்பை அணை" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றேன்.