கழுவிய கை

குழாயைத் திறக்காமல் அதன் முன்னால் நின்ற டாக்டரம்மாவின் முதுகுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வேறொரு பல் ஆஸ்பத்திரியில் அதே உதவியாள் வேலையைப் பார்க்கிறேன். மருந்துத் தண்ணீரில் நாற்காலியைத் துடைத்துத் துடைத்து விரல் நுனியெல்லாம் உரிந்து கிடக்கிறது. ரசஞ்சோற்றைப் பிசைந்தால் எரிகிறது. அலுத்துப்போய்விட்டது, வேறென்ன சொல்ல.

காரைக்காலில் நான் முதலில் சேர்ந்தது டாக்டரம்மாவிடம். சுத்தம் என்றால் அவருக்குப் பேய் பிடித்த மாதிரி. கருவிகளை ஆவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் ஓடும்போது நடுவில் கரண்ட் போனால், திரும்ப முதலிலிருந்து ஓட்டச் சொல்வார். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். "முணுமுணுக்கட்டும். மஞ்சக்காமாலைய வாங்கிட்டுப் போறதுக்கு இது தேவல" என்பார். ஒவ்வொருவருக்கும் கை கழுவல், புதுக் கையுறை, வாய் கொப்பளிக்கப் புதுப் பேப்பர் கப்பு. பெற்ற தாயே பல் காட்ட வந்தபோதும் அதே கதைதான்.

ஒருநாள் குரும்பகரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடைவாய்ப் பல் சீழ் கட்டி, தாடை வீங்கியிருந்தது. டாக்டரம்மாவுடைய அப்பாவின் வயலில் காலமெல்லாம் கூலிக்கு உழைத்தவர். "வாங்க பெரியவரே, உக்காருங்க" என்றதற்கே கூசிப்போனார். அந்த வீட்டில் அவரை யார் 'வாங்க' என்றிருக்கிறார்கள்? நான் கப்பில் தண்ணீர் வைத்தேன். டாக்டரம்மா கையுறை மாட்டினார். பெரியவர் கப்பையும் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கப்பா வீட்டுக் கொல்லையிலயும் எங்களுக்குத் தனி டம்ளர்தாம்மா. இங்கயுமா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஐயோ, எல்லாருக்கும் இப்படித்தாங்க" என்று நான் பதறினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காய்த்துப்போன அவர் கையை எடுத்து வெறுங்கைகளுக்குள் வைத்துக்கொண்டார். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்ல வாயைத் திறந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் தொட்டாயிற்று. இனிக் கழுவாமல் புதுக் கையுறை மாட்டக் கூடாது. டாக்டரம்மா குழாய் முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். தொட்ட கையைக் கழுவினால் பெரியவர் என்ன நினைப்பார் என்று எனக்கே தெரிந்தது, டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? ஒரு நாள் விட்டுவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றுகூட நினைத்தேன். கடைசியில் குழாயைத் திறந்து, எப்போதும் போல விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

திரும்பினால் நாற்காலி காலி.

தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். பஸ் ஏறிவிட்டார். "சீழ் கழுத்துல எறங்கிட்டா உசுருக்கே ஆபத்து. எங்கிட்ட வராட்டியும் பரவால்ல, வேற யார்கிட்டயாச்சும் போவட்டும்" என்று டாக்டரம்மா புலம்பினார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் குரும்பகரத்துக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பெரியவர் கும்பிட்டு, "இப்ப தேவலாம்மா, வலி இல்ல" என்று அனுப்பிவிட்டாராம்.

அந்த வாரமே அவராக வந்தார். வீக்கம் கழுத்தைத் தொட்டிருந்தது. வாய் பாதிகூடத் திறக்கவில்லை, பேச்சு குழறியது. டாக்டரம்மா பதறி எழுந்தார். பெரியவர் கையை நீட்டிக் குழாயைக் காட்டினார்.

"கழுவிட்டே வாங்கம்மா. தாங்க முடியல."

அரும்பாடுபட்டுச் சீழை வடித்து, பல்லையும் எடுத்தோம். பிழைத்துக்கொண்டார். டாக்டரம்மா ஜெயித்தார் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். நம்பியா வாயைத் திறந்தார் அந்த மனிதர்? வலி திறக்க வைத்தது.

அன்று கிளம்பும்போது பெரியவர் தன் பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அதைக் கழுவி, ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அதைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் போட்டேன்.