ஃப்ரிட்ஜில் இருந்த மெழுகுக்கட்டி

பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள். மனுஷ உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததையெல்லாம் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அலமாரியில் அடுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் அடுத்த அறையில் தக்காளி சாதம் சாப்பிட்டிருக்கிறேன். எனக்குப் பயம் என்றால் அது எங்கள் டாக்டர் வசந்தாவிடம் மட்டும்தான். ஊர் நாசரேத், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம், செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இது நடந்தது ராத்திரியிலும் இல்லை. சனிக்கிழமை, பட்டப்பகல், கத்திரி வெயில். தண்டலம் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்து சில வருஷம் ஆகியிருந்தது, ஷிப்ட் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும், பஸ் போகும்போதெல்லாம் என் மேஜை அதிரும்.

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகுக்குள் பதித்துச் சின்னக் கட்டியாக்குவோம், அதற்கு பிளாக் என்று பெயர். சோதனை வரும்போது பிளாக்கை இயந்திரத்தில் மாட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவோம். ஒவ்வொரு தடவையும் பழைய பிளாக்கைத் தேடி எடுத்துச் சீவுவது பெரிய தொல்லை. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மார்புக் கட்டி எது வந்தாலும் அன்றைக்கே பத்து ஸ்லைடு கூடுதலாகச் சீவி மரப்பெட்டியில் போட்டு வைத்துவிடுவேன், பிற்பாடு யாராவது கேட்டால் டக்கென்று எடுத்துக் கொடுக்கலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். யாரும் தப்பென்று சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது.

செல்வி என்று ஒரு பெண். கார் கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை, புருஷன் குமார் ஷிப்ட் பஸ் டிரைவர், இரண்டு பிள்ளைகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மார்பை எடுத்தார்கள். இப்போது நோய் முதுகெலும்பில் வந்துவிட்டது, நடக்க முடியாமல் மேலே வார்டில் படுத்திருந்தாள். பழைய கட்டியில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற பொருள் இருக்கிறதா என்று சோதனை செய்து பார்க்கச் சொன்னார்கள், ஹார்மோன் சோதனை என்போம். இருக்கிறது என்று வந்தால் தினம் ஒரு மாத்திரை போதும், வீட்டிலிருந்தே சாப்பிடலாம். இல்லை என்று வந்தால் மறுபடியும் அந்தக் கீமோதெரபி ஊசி. முதல் தடவை ஊசியில் அவள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் இன்னொரு தடவை போட்டுக்கொள் என்று வாய் திறக்கமாட்டார்கள்.

"ஊசின்னா வூட்டுக்குப் போயி செத்துப் போறேன்றா மேடம். சொன்னா சொன்னதுதான் அவ, மாத்த முடியாது. மாத்திரைன்னு வரணும்னு வேண்டிக்கினு கீறேன்" என்று குமார் என்னிடமே சொன்னான்.

பிளாக்கைத் தேட மாடிக்கு ஏறுவானேன் என்று பெட்டியிலிருந்த ஸ்லைடை எடுத்துச் சோதனை போட்டேன். இந்தச் சோதனையில் கூடவே இன்னொரு ஸ்லைடும் போடவேண்டும், கன்ட்ரோல் என்போம். அந்தப் பொருள் நிச்சயமாக இருக்கிற ஒரு கட்டியின் சீவல் அது. அதில் பழுப்பு நிறம் ஏறினால் சோதனை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கன்ட்ரோல் பிளாக்கை மெட்ராஸிலிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வசந்தா கேட்டு வாங்கி வந்திருந்தார். யாரோ ஒரு அம்மாவுடையது, பாவம், ஆபரேஷன் ஆன வருஷமே போய்விட்டாராம். மூன்று வருஷமாக வாராவாரம் அதைத்தான் சீவிக்கொண்டிருந்தேன். தங்கம் மாதிரி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன்.

கன்ட்ரோல் நன்றாகப் பழுப்பு ஏறியது. செல்வியுடையதில் ஒன்றுமே ஏறவில்லை. டாக்டர் பார்த்தார், 'இல்லை' என்று எழுதினார், ரிப்போர்ட் அடித்து மேஜையில் வைத்தாயிற்று. மூன்று மணிக்குக் குமார் வந்து வாங்கிக்கொள்வான். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்ற கவலைதான் எனக்கு, என்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். லேபில் நான் மட்டும். கவுன்ட்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஊதாப் புடவை, தோளில் ஊக்குக் குத்தியிருந்தாள். இடது கை வீங்கிப் போய் இருந்தது, அதை வலது கையால் தாங்கிக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் வைத்தாள். மார்பு ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கை அப்படி வீங்கும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெயிலில் வந்தவள் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை, அது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

"இன்னாம்மா, என்னுது இன்னும் கீதா?" என்றாள்.

"எது, ரிப்போர்ட்டா? நம்பர் சொல்லுங்க."

"ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு. அத்த கேக்க வரல நானு. மேல படுத்துகினு கீதே செல்வி, அதுக்குப் பழசுல பாத்துட்டியேம்மா. புள்ளைங்க கீது அதுக்கு. புச்சா வெட்டிப் பாரு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் வேலையை எனக்குச் சொல்லிக் கொடுக்க இவள் யார், சோதனை பற்றி இவளுக்கு யார் சொன்னது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். ஒரே நோவு, அவ்ளோதான். நீ போயி என்னுது எவ்ளோ மிச்சம் கீதுன்னு பாத்துட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனேன். நம்பினால் நம்புங்கள், லேபில் புது பிளாக்குகள் இருக்கிற அலமாரிக்கு நான் போகவே இல்லை, கால் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனது, கை கன்ட்ரோல் டப்பாவைத் திறந்தது. பிளாக்கின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது, 2117. மூன்று வருஷமாக என் கண் முன்னால் இருந்த நம்பர். கைக்குத் தெரிந்தது, மண்டைக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

வெளியே வந்தேன். யாரும் இல்லை. கவுன்ட்டர் கண்ணாடியில் அவள் கை வைத்த இடம் மட்டும் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வைத்து எடுத்த மாதிரி. வராந்தா முனையில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார், இந்தப் பக்கம் வர வேறு வழி கிடையாது. கேட்டேன்.

"லேபாண்ட யாரும் வரல மேடம். நீங்கதான் யார்கிட்டயோ கத்திகினு இருந்தீங்க" என்றார்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஜெபம் பண்ணினேன், அதுகூட வரிசை தப்பிப்போனது. ஆனால் பயத்துக்கு நடுவே அவள் சொன்ன ஒரு வார்த்தை குத்திக்கொண்டே இருந்தது. பழசு. செல்வியின் ஸ்லைடு ஐந்து வருஷத்துக்கு முன்னால் சீவியது. கன்ட்ரோலோ வெள்ளிக்கிழமை காலையில் சீவியது. இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

டாக்டர் வந்ததும் போய் நின்றேன். "மேடம், செல்வி ரிப்போர்ட்டைக் கொடுக்கவேண்டாம்."

"ஏன்? எந்த ஸ்லைடு எடுத்த?"

"பெட்டியில இருந்தது."

"எப்ப வெட்டினது அது?"

"ஆபரேஷன் ஆனப்பவே" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, அது இன்னும் மோசம். மெதுவாக விளக்கினார். பிளாக்குக்குள் இருக்கிறவரை மெழுகு சுற்றி நின்று காக்கும். சீவி ஸ்லைடில் ஒட்டிவிட்டால் காற்றும் ஈரமும் சூடும் நேராகப் பாயும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருவம் அப்படியே இருக்கும், ஒரு குறையும் தெரியாது, ஆனால் நாம் தேடுகிற பொருள் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சாயத்துக்குப் பிடிபடாமல் போயிருக்கும். "இல்லைன்னு சொன்னது அவ நோய் இல்ல அமலா, உன் பெட்டி. திரும்பப் பாக்கணும்னு எப்படித் தோணிச்சு உனக்கு?" என்றார்.

எனக்கே தோன்றியது மேடம் என்றேன். பொய். வேறு என்ன சொல்வது?

பழைய பிளாக்குகள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் கிடந்தன. கத்திரி வெயிலில் அந்த அறை அடுப்பு. கதவைத் திறந்ததுமே மெழுகு வாசனை. பல பிளாக்குகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. செல்வியுடையது வேறு யாருடையதோடோ முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தது, பிளேடால் பிரித்தெடுத்தேன். மூலை மழுங்கியிருந்தது, உள்ளே சதை பத்திரமாகத்தான் தெரிந்தது. எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்று முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினேன்.

மூன்று மணிக்குக் குமார் வந்தான். "பஸ்ஸ வேற ஆளு கையில குடுத்துட்டு வந்துகீறேன் மேடம். கீதா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றான்.

திங்கட்கிழமைதான் வரும் என்றேன். என் தப்பு என்று சொல்லியிருக்கவேண்டும், தைரியம் வரவில்லை. அவன் சத்தம்கூடப் போடவில்லை, கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை, லேபுக்குப் போனேன். செல்வியின் பிளாக்கை ஐஸில் வைத்து இறுக்கிச் சீவினேன். அடுத்து கன்ட்ரோல். எத்தனையோ தடவை கை பாட்டுக்கு எடுத்து மாட்டிச் சீவியதுதான், அன்றைக்குக் கத்தியை வைக்க மனசு வரவில்லை. "ஒரே ஒரு சீவல்தாம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இயந்திரச் சக்கரத்தைச் சுற்றினேன். சிரிக்கிறீர்களா, சிரியுங்கள், நீங்கள் அங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார், அப்புறம் நாற்காலியைத் தள்ளி என்னைப் பார்க்கச் சொன்னார். பழுப்பு. பார்த்த இடமெல்லாம் பழுப்பு. ரிப்போர்ட்டை நானே எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். குமாருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. மாத்திரைதான் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்போதுதான் பெட்டி விஷயம் முழுவதையும் அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி வுடுங்க மேடம், இப்பவாவது பாத்தீங்களே" என்றான். அந்த மரப்பெட்டியிலிருந்த ஸ்லைடுகள் அத்தனையையும் அன்றைக்கே உடைத்துப் போட்டேன்.

மாத்திரை கேட்டது. ஆறு மாதத்தில் செல்வி தானாக நடந்து செக்கப்புக்கு வந்தாள், பாதி நாள் கேன்டீனுக்கும் போக ஆரம்பித்திருந்தாள். அதன்பின் ஏழு வருஷம் இருந்தாள், பெரியவன் பாலிடெக்னிக் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். இதோடு முடிந்திருந்தால் வெயிலில் மயக்கம், மனசாட்சி உறுத்தல் என்று எதையாவது சொல்லி என்னை நானே சமாதானப்படுத்தியிருப்பேன். நீங்களும் இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த முதல் செக்கப் அன்றைக்கு அவள் லேபுக்குள் எட்டிப் பார்த்து, "மேடம், அந்த அக்கா எங்க?" என்றாள்.

எந்த அக்கா என்றேன்.

"அன்னிக்கு சனிக்கெழம மத்தியானம் என் பெட்டாண்ட வந்து குந்திச்சே, கை வீங்கினு. அழுவாத, உனக்கு மாத்திரதான், நான் போய் சொல்லிட்டு வந்துட்டேன்னு சொல்லிச்சு. உன் பேரு இன்னாக்கான்னு கேட்டேன். லேப்ல கீற மேடத்த கேளு, மூணு வருசமா அதுகூடதான் வேல செய்றேன், என் பேரு தெரியாமலா இருக்கும்னு சொல்லிட்டுப் போச்சு."

எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு வந்தது நம்பர் மட்டும்தான், பெயரைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அடுத்த வாரமே லீவு போட்டு அந்த மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய ரிஜிஸ்டரெல்லாம் போன வருஷம்தான் கழித்துப் போட்டார்கள் என்று கிளார்க் சொன்னார். டாக்டர் வசந்தாவுக்கும் பெயர் நினைவில்லை.

அந்தக் கன்ட்ரோல் பிளாக் அடுத்த வருஷம் சீவித் தீர்ந்தது. நானும் வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. வந்தது யார், எப்படி வந்தாள் என்றெல்லாம் இப்போது நான் யோசிப்பதில்லை. எனக்குப் பெயர் தெரியும் என்று அவள் அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஊதாப் புடவையில் யாராவது எதிரே வந்தால் இன்றும் நான் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.