ஆடிப்பெருக்கன்று வந்த ஒர்க்‌ஷாப் செலவு

எனக்கு வண்டி கிடையாது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் என் வங்கிக் கணக்கில், ஆடிப்பெருக்கு நாளுக்கு நேராக, பாலக்கரையில் உள்ள ஒரு ஆட்டோ ஒர்க்ஸுக்கு நான் பணம் அனுப்பியதாக ஒரு வரி இருந்தது.

மாதம் பிறந்ததும் வரி வரியாகச் சரிபார்ப்பது என் வழக்கம். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் போனபின் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறேன். அந்த வாரம் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவனிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"யாரோ ஏமாத்திருக்காங்கம்மா. இல்லேன்னா நீங்களே எங்கயாவது தட்டிட்டு மறந்திருப்பீங்க."

"ஒர்க்‌ஷாப்ல எனக்கு என்னடா வேலை? டயர் மாத்திக்கவா போனேன்?"

"அதான் சொல்றேன். போன்ல அந்த ஆப்பை எடுத்துடலாம். மாசாமாசம் கையில பணமாத் தரேன். கணக்கை நான் பாத்துக்கறேன்."

என் ஓய்வூதியத்தை எனக்கே கைச்செலவுக்குத் தருவானாம். கல்யாணத்துக்கு முன்பே சம்பளக் கையெழுத்துப் போட்டவள் நான்.

"நாளைக்கு அந்தக் கடைக்கே போய்க் கேக்கறேன். அதுவரைக்கும் போன்ல கை வைக்காதே" என்றேன்.

அவனும் கூடவே கிளம்பினான், நான் தோற்பதைப் பார்க்க.

ஒர்க்‌ஷாப் பாலக்கரையில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு ஷேர் ஆட்டோவுக்கு அடியிலிருந்து மெக்கானிக் வெளியே வந்தார். தேதியைக் காட்டினேன்.

"ஆடிப்பெருக்கா? அன்னிக்கு நான் கடையே திறக்கலைங்களே!"

மகன் என்னைப் பார்த்தான். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"இருங்க. அன்னிக்கு அம்மா மண்டபம் படித்துறையில வளையல் வாங்கினீங்களா?"

"வாங்கினேன்."

"அது எங்க அக்கா போட்ட கடைங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் போடும். அதுக்கு ஏது ஸ்கேன் பண்ற அட்டை? இங்க மாட்டியிருந்ததைக் கழட்டிட்டுப் போயிடுச்சு. அன்னிக்குப் பூரா என் போன்தான் கத்துச்சு. நேத்து ஒருத்தர் வந்து, என் சம்சாரம் எதுக்குய்யா உனக்குப் பணம் அனுப்புச்சுன்னு சட்டையைப் பிடிக்காத குறை!"

எனக்கு விளங்கியது. வளையல் கடை என்று ஒரு வரி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கூடுதலாக இருந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தவள், இல்லாத வரியைத் தேடவில்லை.

"வளையலா? யாருக்கும்மா?" என்றான் மகன். குரல் தணிந்திருந்தது. அப்பா இல்லாதபோது எதற்கு என்பதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எனக்குத்தான்." இரண்டு கைகளையும் நீட்டினேன். பச்சைக் கண்ணாடி வளையல்கள். "நீ வந்த நாள்லேருந்து இதைப் போட்டுக்கிட்டுதான் உனக்குச் சோறு போடறேன். கணக்கைப் பாத்துக்கறேங்கறவன் கையைப் பாக்கலையே?"

மெக்கானிக் மறுபடி ஆட்டோவுக்கு அடியில் போய்விட்டார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் மகன் மெதுவாக ஆரம்பித்தான். "இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு..."

"அடுத்த வருஷமும் அவகிட்டதான் வாங்குவேன். அப்பவும் ஆட்டோ ஒர்க்ஸ்னுதான் வரும். நானே பாத்துக்கறேன்."

நடத்துநர் வந்தார். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பணப்பையைத் திறந்து, என் மகனுக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.