கிடா துளுக்கிய நாள்

எங்கள் வீட்டில் எது சரி, எது தப்பு என்று முடிவு செய்கிற வேலையைக் கருப்பனாரிடம் விட்டிருந்தார்கள். நாமக்கல்லுக்குத் தெற்கே, பனங்காட்டு ஓரமாக வேல்களுக்கு நடுவில் நிற்கிற எங்கள் காவல் தெய்வம் அவர். மற்ற வீடுகளில் பூ வைத்துக் கேட்பார்கள், பல்லி சொல்லும்வரை காத்திருப்பார்கள். எங்களுக்குக் கிடா. மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றிவிட்டு எல்லாரும் ஒதுங்கி நிற்க வேண்டும். அது தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். இதைத் துளுக்குவது என்போம். காதை மட்டும் ஆட்டினால் கணக்கில் சேராது. துளுக்கிய கிடாவை அங்கேயே வெட்டுவார்கள். துளுக்காத கிடா எங்களோடு வீட்டுக்குத் திரும்பி வரும். வேண்டாம் என்று சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்ற விஷயம் எந்தக் கிடாவுக்கும் தெரியாமல் போனது சின்ன வயதில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை.

அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்று கூப்பிடுவோம். பட்டினி கிடந்தாலும் கிடப்பார், கருப்பனாரைக் கேட்காமல் ஒரு காரியம் தொடங்க மாட்டார். போர்க்கிணறு போட ரிக் வண்டி வந்து எங்கள் காட்டில் நின்ற பிறகும், கிடா அசையவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பியவர். அப்பா இரண்டாவது லாரி எடுக்க ஆசைப்பட்டபோதும் கிடா தன்மேல் ஊற்றிய தண்ணீரை நக்கிக்கொண்டு சும்மா நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றிப் பார்க்கலாம் என்று அப்பா கெஞ்சினார். "சாமிகிட்டப் பேரம் பேசறதாப்பா?" என்று கேட்டுவிட்டு அப்பாரு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்பா அதன்பிறகு கொஞ்ச நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வீட்டில்தான் என் அத்தையின் கல்யாணப் பேச்சு வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே, வடக்கே போர் போடப் போன இடத்தில் மாமா விபத்தில் இறந்துபோனார். அத்தை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மாவுக்குக் காட்டு வேலையும் மாட்டு வேலையும் சரியாக இருக்கும். எனக்குத் தலை சீவுவது, சோறு ஊட்டுவது, பக்கத்தில் படுக்கவைத்துத் தூக்கம் வரும்வரை காது மடலைத் தடவிக்கொண்டிருப்பது எல்லாம் அத்தை. அந்தக் கை எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. நாற்பதை நெருங்குகிற இந்த வயதிலும், காய்ச்சல் என்று படுத்தால் காதோரம் அது வராதா என்று ஏக்கமாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பெண் கேட்டு வந்தவர் ஆத்தூரில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரி வைத்திருந்தார். மரவள்ளிக்கிழங்கு லோடு விஷயமாக அப்பாவுக்குப் பழக்கம். மனைவி இறந்துவிட்டாள், என் வயதில் ஒரு பெண் குழந்தை. தங்கமான மனிதர் என்று எல்லாருமே சொன்னார்கள். ஆனால் புருஷனை இழந்த பெண்ணுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. முதலில் எதிர்த்தவர் பெரியப்பா. "இது தப்புங்கப்பா. பரம்பரைக்கே பாவம் வந்து சேரும்" என்றார். அப்படி எங்கே சொல்லியிருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, செய்யலாம் என்று எங்கே சொல்லியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். பங்காளிகள் பெரியப்பா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அப்பாரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாம ஆரு சொல்றதுக்கு? கருப்பனாரையே கேட்டுப்போடலாம். அவரு சொன்னதுக்கப்பறம் ஆரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். பெரியப்பா உடனே ஒப்புக்கொண்டார். சாமி தன் கட்சி என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

எனக்கும் இல்லை. அத்தையின் கை வேறொரு பெண்ணுக்குத் தலை சீவுவதைச் சாமி எப்படி ஒத்துக்கொள்ளும்? ஆனாலும் முதல் நாள் சாயங்காலம் பட்டிக்குப் போய்க் கிடாவுக்கு மடி நிறைய வேலிமசால் தழையைக் கொடுத்து, நாளைக்கு அசையாமல் நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்கு உயிர் மிஞ்சும், எனக்கு அத்தை மிஞ்சுவாள். இருவருக்கும் நல்லதுதானே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அத்தை எனக்குத் தலை சீவிவிட்டாள். கோயிலுக்கு அவளை வா என்று யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவளாகவே வேலைக்குக் கட்டுகிற பழைய சேலையில் இருந்தாள். சிக்கே இல்லாத முடியை மெதுவாகச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"சாமிகிட்ட என்னன்னு வேண்டிக்குவே?"

"நீங்க இங்கயே இருக்கோணும்னுங்கத்தை."

சீப்பு நின்றது. "அப்படி வேண்டிக்காத சாமி" என்றாள். மிகவும் தாழ்ந்த குரல். பிறகு ரிப்பனை இறுக்கிக் கட்டி, முதுகில் தட்டி அனுப்பிவிட்டாள். எனக்குக் கோபமான கோபம். திரும்பிப் பார்க்காமல் போய் டெம்போவில் ஏறிக்கொண்டேன்.

கோயிலில் பூசாரி சூடம் காட்டிவிட்டுக் கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பாரு கைகூப்பி, பங்காளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏஞ்சாமி, எம்புள்ளைய மறுக்காக் கட்டிக் குடுக்கறது சரின்னா துளுக்கிக் குடு. தப்புன்னா உட்டுரு."

தண்ணீர் ஊற்றினார்கள். கிடா நின்றது. வாயில் எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தது. என் வேலிமசால்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "சாமி பதில் சொல்லிருச்சுங்கப்பா, போலாமுங்க" என்றார் பெரியப்பா.

அப்பாரு நகரவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "தண்ணி வெயில்ல காஞ்சு கெடக்குது. கெணத்துத் தண்ணி மோந்துட்டு வந்து மஞ்சளக் கரைங்க" என்றார். லாரிக்கு இரண்டாவது சொம்பு கொடுக்காத மனிதரை அப்பா ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் வந்தது. கிடா காதை மட்டும் ஆட்டியது. பெரியப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"இருப்பா. சாமி ரோசன பண்ணுது. பொம்பளப்புள்ள காரியம், வெடுக்குன்னு சொல்லீருமா?"

கிடாவை நிழலுக்கு இழுத்துக் கட்டச் சொன்னார் அப்பாரு. பிறகு காற்று வருகிற பக்கமாக மாற்றிக் கட்டச் சொன்னார். ஆள் நெருக்கத்தில் மிரளுகிறது என்று பூசாரியையே தள்ளி நிற்கச் சொன்னார். பங்காளிகள் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கறி சமைக்கக் கொண்டுவந்த பாத்திரங்கள் கவிழ்த்தபடி கிடந்தன. பொழுது மேற்கே சாய்ந்தது. எல்லாருக்கும் பசி. அப்பாரு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிடா வேண்டாம் என்று சொல்வதை எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் நிற்கிறார் என நான் நினைத்துக்கொண்டேன். பாவம், கால் வலிக்குமே என்றுகூட இருந்தது.

கடைசியில் சொம்பை அவரே வாங்கிக்கொண்டார். பிடரியில் ஆரம்பித்து வால்வரைக்கும், கைக்குழந்தைக்குத் தண்ணீர் வார்ப்பதுபோல மெல்ல ஊற்றினார். ஒரு காற்று வந்தது. கிடா முன்னங்கால்களை அகட்டிக்கொண்டு தலை, கழுத்து, முதுகு, வால் என்று ஒரே உதறலாக உதறியது. செருப்போடு பக்கத்தில் வந்து நின்ற பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள்.

"பாத்துக்கிட்டீங்களாப்பா எல்லாரும்?" என்றார் அப்பாரு.

பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். "அவரே சொன்னப்பறம் நாம என்னுங்க சொல்றது" என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. அவர் மனசாரத்தான் கும்பிட்டார். கல்யாணத்தில் பந்தலிலிருந்து பந்திவரை ஓடியாடி வேலை செய்ததும் அவர்தான்.

அத்தை ஆத்தூர் போய்விட்டாள். நோம்பி, பண்டிகை என்றால் வருவாள், அந்தப் பெண் அவள் விரலைப் பிடித்துக்கொண்டே வரும். எங்கள் இருவருக்கும் ஒரே சீப்பால் தலை சீவிவிடுவாள். ராத்திரி அந்தப் பெண் அத்தைக்கும் எனக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். அயோத்தியாப்பட்டணம் வழியாக ஆத்தூர் போகிற பேருந்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏறிவிடலாமா என்று தோன்றும். சில நாள் ஏறியும் விடுகிறேன். அத்தை வாசலுக்கு வந்து கூட்டிப்போவாள், சிரிப்பாள், சந்தோஷமாக இருக்கிறாள். நான் தேடிப்போனது அவளிடம் இல்லை, திரும்பி வந்துவிடுவேன்.

அன்றைக்குக் கிடாவை இழுத்துக்கொண்டு போனதும், யாருக்கும் தெரியாமல் அழுவதற்காகக் கோயிலுக்குப் பின்பக்கம் ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் அப்பாரு உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரும் என்னைப்போல அத்தை போகக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் வேண்டியிருக்கிறார், சாமி எங்கள் இரண்டு பேரையும் கைவிட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"அழுவாதீங்கப்பாரு. நாம என்னுங்க பண்றது? சாமி சொல்லிருச்சுங்களே."

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஆமாஞ்சாமி" என்றார். "அவரு சொல்லிப்போட்டாரு."

நான் பெரிய மனுஷிபோல அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அத்தனை சொம்புத் தண்ணீரையும் ஊற்றச் சொன்னது யார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.