நிலா மண்ணும் கேம்ப் வாசமும்

ஊறுகாய் பாட்டில் நிறைய கரிய மண். எரிமலைத் தீவுப் பக்கம் போய்வந்த கப்பல்காரர் ஒருவர் எங்கள் போர்ட் பிளேர் பள்ளிக்குக் கொடுத்தது. நிலாவின் மண்ணும் ஏறக்குறைய இதே சாதிதான் என்று நான் சொன்னதும், ஆய்வக உதவியாளரான அக்கா பாட்டிலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் புருஷனைச் சுனாமிக்குக் கொடுத்தவர். "அங்க கடல் இல்லதானே சார்?" என்றார். இல்லை என்றேன். "காத்து?" அதுவும் இல்லை, ஆனால் மண்ணுக்குள்ளேயே ஆக்சிஜன் இரும்போடும் மற்ற உலோகங்களோடும் பிணைந்து கிடக்கிறது, பிரித்தால் மூச்சும் கிடைக்கும், உலோகமும் கிடைக்கும் என்றேன். அன்றுமுதல் மண்ணைப் பிரித்துப் பார்க்கும் சோதனை அவருடையதாகிவிட்டது.

அறிவியல் கண்காட்சியில் அதைச் செய்து காட்ட ஏற்பாடு. உப்பை உலையில் உருக்கி, மண்ணை அதில் இறக்கி, அளவாக மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அளவு கூடினால் மண்ணுக்குப் பதில் உப்பே உடைந்து குளோரின் என்ற நச்சுவாயு வரும். பாடம் நடத்துகிற எனக்குத் தெரியாதா? தெரியும். மேலதிகாரிகள் வந்து நின்றார்கள். ஆக்சிஜன் வரவேண்டிய குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மேசைக்குக் கீழே கையை விட்டு மின்சாரத்தைக் கூட்டினேன். குமிழிகள் பொங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் கொழுப்பு!

அக்காவின் முகம் மட்டும் மாறியது. நிவாரண முகாமில் மாதக்கணக்கில் பிளீச்சிங் பவுடர் நாற்றத்தில் கிடந்தவர். "கேம்ப் வாசம் சார்! நிறுத்துங்க, பந்த் பண்ணுங்க, ஜல்தி!" சும்மா இருங்கக்கா என்று அதட்டினேன். அவர் கேட்கவில்லை. பிள்ளைகளை வெளியே தள்ளி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கம்பியைப் பிடுங்க உலையின் மேல் குனிந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய நுரையீரல் வெந்துபோனது.

விசாரணையில், மின்சாரம் தானாகக் கூடிவிட்டது என்றேன். எங்கள் ஊர் கரண்டைப் பற்றி அப்படிச் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? அக்காவும் தலையாட்டினார். பாவி நான், அவரும் நம்பிவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சில வருடம் கழித்து பத்துபஸ்திப் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். நிலா மண்ணிலிருந்து ஆக்சிஜன் எடுக்கப்போகிறார்களாம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து பத்தடி நடந்து வந்து டீயை வைத்தவர், மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஜன்னலே தெறக்க முடியாதாமே சார். கரண்ட்ட கூட்டுற ஆள மட்டும் நல்லா பாத்து அனுப்பச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு இருமத் தொடங்கினார். டீ ஆறும்வரை அது நிற்கவில்லை.