பூட்டில்லாத புது வெர்ஷன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் எங்கள் அலுவலக மேசைகள் அதிரும். கண்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதியதைப் பாதுகாத்து வைக்க இன்னொரு மென்பொருள் இருந்தது. ஒருவர் ஒரு கோப்பைத் திறந்தால் அது மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். திறந்தவர் டீ குடிக்கப் போய்விட்டால் நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பூட்டை உடைக்கும் உரிமை மேலாளரின் லாகினுக்கு மட்டுமே. அவரோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். விழித்திருக்கும்போது, இந்த ஆபீஸில் தான் ஒருத்தன்தான் வேலை செய்வதாக முதலாளியிடம் போனில் புலம்புவார். தூக்கம் கெடுகிறதென்று பாஸ்வேர்டை அவரே எங்களிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லோருமே அவர் லாகினில்தான் எழுதினோம்.

அப்புறம் புது வெர்ஷன் வந்தது. இனிப் பூட்டே கிடையாது, இருவர் ஒரே கோப்பில் எழுதினாலும் அதுவே சேர்த்துக்கொள்ளும் என்றார்கள். மேலாளர் அதைக் காதில் வாங்கவில்லை. எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் வசதியில்தான் மயங்கிப்போனார். ஏற்றுமதிப் பெட்டிகளை இறக்குமதி என்று காட்டி யார்டில் மானத்தை வாங்கிய கோப்பை எல்லோர் முன்னிலையிலும் திறந்தார்.

"எவன் வேலைன்னு இப்ப தெரிஞ்சுடும்" என்றார்.

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் பெயர்தான் இருந்தது.

பக்கத்து நாற்காலி ராயபுரத்துக்காரர் திரையை நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னது நெஜம்தான் சார். இந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான் வேலை செஞ்சிகினு கீறீங்க."