எண்ணூறு மீட்டர் வரியில் என் பெயர்

என் பெயரை முழுசாக எழுதிவைத்த இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் படித்த கல்லூரி மைதானத்து மண்டபத்தில் தொங்கும் மரப் போர்டு. வெள்ளைக்காரன் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய கல்லூரி அது. கல்லூரியில் யார் எதில் சாதனை வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் போர்டில் எழுதியிருப்பார்கள். பெண்கள் எண்ணூறு மீட்டர் என்ற வரியில், என் அப்பாவின் இனிஷியலோடு, மஞ்சள் பெயின்ட்டில் நான் இருந்தேன். மற்ற இடங்களில் நான் யார்? கள்ளிக்குப்பம் ஃப்ளாட்டில் இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா. கேஸ் புத்தகம்கூட அவர் பேரில்தான்.

என் மகள் அதே கல்லூரியில் சேர்ந்து, போயும் போயும் அதே எண்ணூறு மீட்டரை ஓட ஆரம்பித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பெண் மேலேயே பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். அதற்கு இப்போது என்ன?

நான் அப்பா வீடு இருந்த சேக்காட்டிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்து, சென்ட்ரல் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே போய், வெறுங்காலோடு ஓடியவள். ஸ்பைக்ஸ் ஷூ கேட்டதற்கு, “படிக்கப் போறியா, ஓடப் போறியா?” என்று அப்பா ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார். இவளுக்கு ஸ்பைக்ஸ் இருக்கிறது. கையில் கட்டிய வாட்ச் நாடித்துடிப்பை எண்ணிச் சொல்கிறது. பயிற்சி முடித்து வந்தால் அவள் அப்பா வாழைப்பழத்தை உரித்து நீட்டுகிறார். இத்தனைக்கும் அந்த மனுஷன் ஒரு நாளும் ரயிலுக்காகக்கூட ஓடியதில்லை. வண்டி கிளம்பினால், “விடு, அடுத்தது வரும்” என்று பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுகிற ரகம். எனக்கு ஒரு வேர்க்கடலையாவது உரித்துத் தந்திருப்பாரா?

விளையாட்டு விழா அன்று நானும் அவரும் மண்டபத்தில், சரியாக அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். எண்ணூறு மீட்டர் என்றால் மைதானத்தை இரண்டு சுற்று. முதல் சுற்றில் அவள் அழகாக ஓடினாள். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிக்கொண்டன. அந்த வளைவில்தான் எனக்கும் கால் கனக்கும். இப்படியே வந்தால் முதலாவதாகத்தான் வருவாள், ஆனால் என் பேர் பிழைத்துக்கொள்ளும். ‘அப்படியே வா, கண்ணு’ என்றது மனசு.

வாய் கேட்டால்தானே! எழுந்து நின்று, “தோளை எறக்குடி! கைய வீசு!” என்று கத்திவிட்டேன்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. தோள் இறங்கியது. அதற்கப்புறம் அவள் வந்த வேகத்தை நான் என்ன சொல்ல. புதிய சாதனை என்று மைக்கில் அறிவித்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து குதித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். சனியன் பிடித்த வாய்!

அடுத்த சனிக்கிழமை போர்டில் எழுதுகிறார்கள், வந்தே ஆக வேண்டும் என்று மகள் இழுத்துப் போனாள். நான் படித்த காலத்திலிருந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்தான் பிரஷ்ஷோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சிரிப்பு.

“இன்னாம்மா, உம் பேரை உம் பொண்ணே அயிச்சிட்டாளே!”

“பிரஷ் உங்க கைலதானே இருக்கு அண்ணாத்தே,” என்றேன்.

என் பெயர் மேல் கறுப்பைப் பூசினார். காய்ந்ததும் மஞ்சளைத் தொட்டு முதல் எழுத்தைப் போட்டார். என் வீட்டுக்காரரின் இனிஷியல்! அது வரைக்கும் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. அவரோ பக்கத்தில் போய், “அந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடுங்க சார்” என்கிறார். அப்புறம் போட்டோ எடுத்து, ‘காலேஜ் போர்டில் நம்ம பேரு’ என்று திருநெல்வேலிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஓடியது நான், ஓடியது அவள், போர்டில் ஏறிக்கொண்டது அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மகள் என் கையைப் பிடித்தாள்.

“கோவமாம்மா?”

“கோவம் இல்ல. பொறாமை.”

அவள் சிரித்தாள். “நீ மட்டும் கத்தலன்னா என்னால முடிஞ்சிருக்காதும்மா.”

“அதான்டி எரியுது.”

சென்ட்ரலில் நாங்கள் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஆவடி வண்டி ஹாரன் அடித்துவிட்டது. “விடு, அடுத்தது வரும்” என்று அவர் நின்றுவிட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். இரண்டு பேரும் லேடீஸ் பெட்டியைப் பார்த்து ஓடினோம்.

முதலில் ஏறியது நான். அதை எழுதிவைக்க எந்தப் போர்டும் இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.